டர்பைன் பிளேடின் இழப்பை அளக்க, முதலில் பூஜ்யத்தைப் பிடியுங்கள்

பிளேடுகளை வரிசையாக நிறுத்தி நடுவே காற்றை ஓட்டிப் பார்க்கும் கேஸ்கேட் டனலில் நான் எடுத்த முதல் இழப்பு அளவீடு 6 சதவீதம் என்று வந்தது. மறுநாள் அதே பிளேடு, அதே வேகம், காற்றின் அழுத்தத்தை எடுக்கும் அதே குழாய் (ப்ரோப்), 4.1 வந்தது. அதற்கு மறுநாள் 5.3. பிளேடுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து நீளும் வாலின் ஆழத்தையும் அகலத்தையும் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்தேன். மூன்று நாளும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தன. லேபின் மூத்த டெக்னீஷியன் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வாலையே பார்த்துக்கிட்டு இருக்காதே தம்பி. ரெண்டு வாலுக்கும் நடுவுல என்ன வருதுன்னு பாரு.”

“அங்க ஒண்ணும் இருக்காதேண்ணே.”

“அதான் சொல்றேன். பாரு.”

பார்த்தேன். ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில் 25 பாஸ்கல் உட்கார்ந்திருந்தது. முந்தைய நாள் அதே இடத்தில் 3. பிளேடின் இழப்பு என்று நான் எழுதி வைத்திருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பிளேடுக்குச் சம்பந்தமே இல்லாதது.

அன்றிலிருந்து இந்த வேலையை நான் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். கல்லூரியிலோ ஆய்வகத்திலோ குறைவேக கேஸ்கேட் டனல் ஒன்று கையில் கிடைத்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எதை அளக்கிறோம்?

நகராத பிளேடு வரிசை ஒன்றின் வழியே காற்று போகிறது. பிளேடு வேலை எதையும் எடுப்பதில்லை, வெப்பமும் கைமாறுவதில்லை. அப்படியானால் உராய்வே இல்லாத ஓட்டத்தில் மொத்த அழுத்தம் (ஓடும் காற்றை அப்படியே நிறுத்தினால் வரும் அழுத்தம்) உள்ளே எவ்வளவோ வெளியேயும் அவ்வளவே இருக்க வேண்டும். வெளியே குறைந்திருந்தால், குறைந்ததுதான் இழப்பு. ஆற்றல் வீணாவதைக் காட்டும் அளவான என்ட்ரோபி ஏறியதன் அடையாளம் அது.

குறைவது எல்லா இடத்திலும் இல்லை. பிளேடின் முதுகிலும் வயிற்றிலும் ஒட்டி வளரும் மெல்லிய எல்லைப்படலத்தில்தான் ஆற்றல் வீணாகிறது. பின்விளிம்பைத் தாண்டியதும் இரண்டு படலங்களும் சேர்ந்து ஒரு வாலாக நீள்கின்றன. ‘வேக்’ என்று லேபில் சொல்வது இதைத்தான். நான் வால் என்றே எழுதுகிறேன். இரண்டு வால்களுக்கு நடுவில் ஓடும் காற்று பிளேடைத் தொடவே இல்லை. அதனால் அங்கே இழப்பு பூஜ்யம். இயற்கையே நமக்கு ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் வாலை மட்டும் அளப்பது, தராசின் முள்ளைச் சரிபார்க்காமல் எடை போடுகிற கதைதான்.

இது புரொஃபைல் இழப்பு. இது போக, பக்கச்சுவர் அருகே சுருண்டெழும் சுழல்களால் வருவது செகண்டரி இழப்பு. சுழலும் பிளேடின் நுனி இடைவெளியில் கசிவது டிப் இழப்பு. டர்பைன் ஆய்வாளர் ஜான் டென்டன் 1993இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், பல எந்திரங்களில் இந்த மூன்றும் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வீதம் வருவதாகச் சொன்னார். அதனால் நடு உயரத்தில் ஒரு வாலை அளந்துவிட்டு “இந்த டர்பைனின் இழப்பு இவ்வளவு” என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாலை ஒழுங்காக அளக்கத் தெரியாமல் மற்ற இரண்டுக்கும் போகவும் முடியாது.

ஓட்டுவதற்கு முன் காகிதத்தில் ஒரு கணக்கு

நான் பழகிய அமைப்பைச் சொல்கிறேன். 7 பிளேடுகள். நாண், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, 100 மிமீ. பிளேடுக்குப் பிளேடு இடைவெளி, அதாவது பிட்ச், 80 மிமீ. காற்று விநாடிக்கு 20 மீட்டரில் நேராக உள்ளே வந்து, 65 டிகிரி திரும்பி வெளியேறுகிறது. நிறை மாறாது என்பதால் வெளியேறும் வேகம் 20ஐ 65 டிகிரியின் கோசைனால் வகுத்தால் வரும்: விநாடிக்கு சுமார் 47 மீட்டர். டர்பைன் பிளேடு காற்றை முடுக்கித்தான் அனுப்பும்.

காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ என்று வைத்தால் நுழைவாயில் இயக்க அழுத்தம் (வேகத்தால் வரும் அழுத்தம்: பாதி அடர்த்தி பெருக்கல் வேகத்தின் வர்க்கம்) 240 பாஸ்கல், வெளியேறும் இடத்தில் சுமார் 1340 பாஸ்கல். நல்ல பிளேடில் புரொஃபைல் இழப்பு இந்த 1340இல் 2 அல்லது 3 சதவீதம்தான். ஆக, நாம் தேடும் விடை 27 முதல் 40 பாஸ்கலுக்குள் இருக்கிறது. 1 மிமீ உயர நீர் 9.8 பாஸ்கல் அழுத்தும். 3, 4 மிமீ தண்ணீர் அளவே உள்ள ஒன்றைத் தேடி அலைகிறோம் என்று புரிந்தால், அடுத்து வரும் பத்தியை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உள்ளே ஒரு டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை மின் அளவாக மாற்றும் கருவி), வெளியே ஒரு டிரான்ஸ்டியூசர் என்று வைத்து இரண்டையும் கழிக்காதீர்கள். 10,000 பாஸ்கல் வரை அளக்கும் கருவியில் முழு அளவில் 0.1 சதவீதப் பிழை என்றால் அதுவே 10 பாஸ்கல். இரண்டு கருவிகளின் பிழையும் சேர்ந்து இழப்பில் பாதியைத் தின்றுவிடும். அதற்குப் பதிலாக 500 பாஸ்கல் வரை அளக்கும் வேறுபாட்டு டிரான்ஸ்டியூசர் ஒன்றை எடுங்கள். ஒரு வாயில் மேலோட்டத்தில், அதாவது பிளேடுகளுக்கு முன்னால், காற்றை எதிர்நோக்கி நிற்கும் பிட்டோ குழாயின் மொத்த அழுத்தம், மறு வாயில் நகரும் ப்ரோப். கழித்தலைக் கருவிக்குள் இருக்கும் மெல்லிய தகடு (டயஃப்ரம்) பார்த்துக்கொள்ளும். கருவி காட்டுவதே இழப்பு. 0.25 சதவீதக் கருவி என்றாலும் பிழை 1.25 பாஸ்கலோடு முடிந்துவிடும். விகிதத்துக்குத் தேவையான வெளியேறும் இயக்க அழுத்தத்தை இன்னொரு கருவி தனியாக, அதே நேரத்தில் எடுக்கட்டும்.

அந்த ‘அதே நேரத்தில்’ முக்கியம். மூடிய சுற்று டனலில் காற்று ஒரு மணி நேரத்தில் 10 டிகிரி சூடேறினால் அடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல் குறையும். இரண்டு அளவும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டால் விகிதத்தில் அது தானாக அடிபட்டுப்போகும். காலையில் இயக்க அழுத்தத்தைக் குறித்துவிட்டு மாலைவரை அதாலேயே வகுத்தால், சூடான டனல்தான் வரைபடத்தில் தெரியும்.

ஓட்டத்தைச் சரிசெய்தல்

7 பிளேடில் நடுவில் உள்ளதைத்தான் அளக்கிறோம். ஆனால் முடிவில்லாத வரிசையில் ஒன்று போல அது நடந்துகொள்ள வேண்டும். அதற்கான சோதனை எளிது. நடு பிளேடு, அதற்கு இரு பக்கமும் ஒன்று, ஆக மூன்று வால்களையும் ஒரே மூச்சில் கடந்து அளந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். ஆழமும் அகலமும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கடைசி பிளேடுகளுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புப் பலகைகளின் கோணத்தை ஒரு டிகிரி, அரை டிகிரியாக மாற்றிப் பாருங்கள். அலுப்பான வேலை. நான் இதற்கு இரண்டு முழு நாள் செலவழித்ததுண்டு, வீணாகவில்லை.

ஓட்டத்தில் வேகத்தின் வலு பாகுத்தன்மையைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் மேலே சொன்ன அமைப்பில், வெளியேறும் வேகத்தையும் நாணையும் வைத்துப் பார்த்தால், சுமார் 3 லட்சம். 2 லட்சத்துக்குக் கீழே போகப் போக முதுகுப் பக்கத்தில் படலம் கழன்று கொள்ளும் ஆபத்து கூடும், இழப்பும் வேகமாக ஏறும். எந்த ரெனால்ட்ஸ் எண்ணில் எடுத்தது என்று சொல்லாத இழப்பு மதிப்பை நான் நம்புவதில்லை. கொந்தளிப்பு அளவும் (சராசரி வேகத்தில் ஏற்ற இறக்கம் எத்தனை சதவீதம் என்பது) அப்படித்தான். சுத்தமான டனலில் அது அரை சதவீதம் இருக்கலாம். உண்மையான டர்பைனுக்குள் 5 சதவீதமும் அதற்கு மேலும் இருக்கும். முன்னால் கம்பிச் சட்டம் ஒன்றை நிறுத்தி, ஹாட்வயரால் (காற்று குளிர்விக்கும் சூடான மெல்லிய கம்பி) அளந்து, எண்ணைப் பதிந்துவிட்டு மேலே போங்கள்.

பிளேடின் மேற்பரப்பைத் தொட்டுப் பாருங்கள், நகத்தால். முதுகில் இருந்த ஒரு ஸ்டாடிக் துளை (மேற்பரப்பின் அழுத்தத்தை எடுக்கும் சிறு துளை) கசிகிறது என்று நான் ஒருமுறை ஒட்டுநாடாவை மடித்து ஒட்டிவிட்டு மறந்துபோனேன். அதன் விளிம்பே படலத்தைக் கொந்தளிப்பாக்கிவிட்டது. வேகமாக ஓட்டினால் இழப்பு கூடியது, மெதுவாக ஓட்டினால் குறைந்தது. மெதுவான ஓட்டத்தில், கழன்று போகவிருந்த படலத்தை அந்த நாடா பிடித்து ஒட்டவைத்திருக்கிறது! புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாகத் திரிந்தேன்.

ப்ரோப்

1732இல் ஹென்றி பிட்டோ சீன் ஆற்றில் இறக்கிய வளைந்த கண்ணாடிக் குழாயின் தத்துவம்தான் இன்றும். நடு உயரத்தில் வாலை அளக்க, நுனியைச் சதுரமாக வெட்டிய ஒற்றைத் துளைக் குழாய் போதும். காற்று 10 டிகிரி வரை பக்கவாட்டில் வந்தாலும் அது பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. திசை அதிகம் மாறும் இடத்தில், தலையைச் சுற்றி ஒரு கூடு போட்ட கீல் ப்ரோப் 40 டிகிரி வரை தாங்கும். திசையே வேண்டும் என்றால் மூன்று துளை. மேல் கீழ் கோணமும் வேண்டும் என்றால் ஐந்து துளை. துளைகள் கூடக் கூடக் காலிப்ரேஷன் வேலையும் கூடும். குழாய்களை இடம் வலமாக மாற்றிச் செருகினால் கோணம் எதிர்க்குறியில் வரும். ப்ரோப்பைக் கையால் 5 டிகிரி திருப்பி, எண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

தலையின் பருமனைப் பற்றித்தான் சண்டை போடுவேன். வேகம் செங்குத்தாக மாறும் இடத்தில் பிட்டோ குழாய் தன் மையத்தில் உள்ளதைச் சொல்லாது. வேகம் அதிகமான பக்கத்தில் சற்றுத் தள்ளி உள்ளதைச் சொல்லும். அந்தத் தள்ளல் விட்டத்தில் ஏறக்குறைய 0.15 பங்கு. 2 மிமீ தலையென்றால் ஒரு பக்கம் 0.3 மிமீ, இரு பக்கமும் சேர்த்து 0.6. வாலின் அகலமே 12 மிமீதான். 5 சதவீதம் அங்கேயே குறைந்துவிடும். அதனால் 1 மிமீ தலை.

ஆனால் துளை சின்னதானால் அழுத்தம் நீண்ட பிளாஸ்டிக் குழாயை நிரப்ப நேரமெடுக்கும். எவ்வளவு நேரம் என்று ஊகிக்காதீர்கள். ப்ரோப்பை வாலின் நடுவில் நிறுத்தி, ஒரே தாவலில் வெளியே கொண்டுபோய், எண் அசையாமல் நிற்கும்வரை கடிகாரத்தைப் பாருங்கள். எனக்கு 3 விநாடி வந்தது. 6 விநாடி காத்திருந்து, பிறகு 10 விநாடி சராசரி எடுத்தேன்.

ப்ரோப்பை நகர்த்தும் சாதனமான டிராவர்ஸின் திருகில் கட்டாயம் தளர்ச்சி இருக்கும். போகும்போது ஒரு வால், வரும்போது அதே வால் 0.8 மிமீ தள்ளி. எப்போதும் ஒரே திசையிலிருந்து போய் நிற்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டால் இந்தத் தொல்லை ஒழியும். வாலுக்குள் 0.5 மிமீ இடைவெளி, வெளியே 4 மிமீ. வெளியே புள்ளிகள் வீண் என்று தோன்றும். வேண்டாம், குறைக்காதீர்கள். பூஜ்யம் அங்கேதான் வசிக்கிறது.

பூஜ்யத்தைப் பிடித்தல்

டிரான்ஸ்டியூசரை ஒரு மணி நேரம் முன்பே ஆன் செய்து வையுங்கள். இரண்டு வாய்களையும் ஒரு வால்வால் இணைத்துவிட்டுப் பூஜ்யம் எடுங்கள். டனல் நிற்கிறது என்று வாய்களைத் திறந்து விட்டு எடுத்தால், கதவு திறந்து மூடும் காற்றே ஒரு பாஸ்கல் காட்டும்.

இப்போது டனலை ஓட்டி, ப்ரோப்பை இரண்டு வால்களுக்கு நடுவில் நிறுத்துங்கள். எண் 0ஐச் சுற்றி ஒன்றிரண்டு பாஸ்கலுக்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லையா? அன்றைக்கு என் 25 பாஸ்கல் எங்கிருந்து வந்தது என்று தேடிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் கசிவு. ப்ரோப்பின் வாயை விரலால் அடைத்து, குழாயில் சிரிஞ்சால் மெதுவாக அழுத்தம் ஏற்றி, கிள்ளிப் பிடியுங்கள். ஒரு நிமிடம் எண் விழாமல் நிற்க வேண்டும். அன்று விழுந்தது, சரசரவென்று. உலோகக் குழாயில் பிளாஸ்டிக் குழாய் ஏறும் இடத்தில், வெளிப்பார்வைக்குத் தெரியாத தலைமுடி விரிசல். டிராவர்ஸ் நகரும்போது குழாய் வளைந்தால் திறக்கும், நேரானால் மூடிக்கொள்ளும். 6, 4.1, 5.3 என்று எண்கள் ஆடியதன் ரகசியம் அவ்வளவுதான். 2 செமீ வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செருகினேன். நடுவில் 1 பாஸ்கல் வந்தது. இழப்பு 3.9.

கசிவு இல்லாமலும் பூஜ்யம் வராவிட்டால் மேலோட்டப் பிட்டோவைச் சந்தேகியுங்கள். அது டனல் சுவரின் படலத்துக்குள் நிற்கலாம், அல்லது கம்பிச் சட்டத்தின் ஒரு கம்பிக்கு நேர் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கலாம். 50 மிமீ நகர்த்திப் பாருங்கள். பூஜ்யம் பிட்சின் ஒரு பக்கம் சரியாக இருந்து மறுபக்கம் சாய்ந்தால், உள்ளே வரும் ஓட்டமே சீராக இல்லை. எண் கழித்தல் குறியில் வந்தால், அதாவது பிளேடைத் தாண்டிய காற்றுக்கு மொத்த அழுத்தம் கூடியிருப்பதாகக் கருவி சொன்னால், ஒரு காரணமும் யோசிக்காமல் பூஜ்யத்தை மறுபடி எடுங்கள். பிளேடு யாருக்கும் அழுத்தத்தைத் தானம் செய்யாது.

“அந்த 25ஐ எல்லாப் புள்ளியிலிருந்தும் கழித்துவிட்டால் போச்சு” என்று மென்பொருளில் ஒரு வரி எழுதும் ஆசை வரும். எனக்கும் வந்தது. கசிவு நிலையாக இருந்தால் அல்லவா கழிக்க?

வெளியேறும் ஸ்டாடிக் அழுத்தத்துக்குச் சுவரில் ஒரு பிட்ச் நீளத்துக்காவது வரிசையாகத் துளைகள் வேண்டும், 0.5 மிமீ போதும். துளையிட்ட பிறகு விளிம்பில் பிசிறு நின்றால் அந்தத் துளை மட்டும் தனியாகப் பொய் சொல்லும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

கணக்கு

பிட்ச் 80 மிமீ, வால் 12 மிமீ அகலம், நடுவில் 400 பாஸ்கல் ஆழம், வடிவம் முக்கோணம் என்று வைப்போம். முக்கோணத்தின் பரப்பு 2400. 80ஆல் வகுத்தால் 30 பாஸ்கல். 1340ஆல் வகுத்தால் 0.0224. இது பரப்புச் சராசரி. கையால் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாலுக்குள் காற்று மெதுவாகப் போகிறது. 400 பாஸ்கல் இழந்த காற்றின் வேகம் வெளியே உள்ளதில் 84 சதவீதம்தான். அதிகம் இழந்த காற்று குறைவாகத்தான் கடந்து போகிறது என்பதால், ஒவ்வொரு புள்ளியின் இழப்பையும் அங்கே அச்சுத் திசையில் ஓடும் நிறையால் பெருக்கிக் கூட்டி, மொத்த நிறையால் வகுக்க வேண்டும். அதே வாலுக்கு இப்போது 27 பாஸ்கல், 0.0202. ஒரே வரைபடம், இரண்டு விடை, 10 சதவீத வித்தியாசம். கீழே 1340க்குப் பதில் இழப்புக்குப் பிந்தைய இயக்க அழுத்தமான 1313ஐ வைத்தால் 0.0206. மூன்றுமே புழக்கத்தில் உண்டு. எதை எடுத்தீர்கள் என்று எழுதாமல் யாருடைய எண்ணோடும் ஒப்பிடாதீர்கள்.

இன்னொரு பொறி: தூரம். பின்விளிம்பிலிருந்து அரை நாண் தள்ளி அளந்தால் ஒரு எண், ஒரு நாண் தள்ளி அளந்தால் அதைவிடச் சற்றுப் பெரிய எண். அளவீட்டில் தவறில்லை. வாலும் வெளிக்காற்றும் கலக்கும்போது உராய்வு தொடர்கிறது, இழப்பு வளர்ந்துகொண்டே போகிறது. இந்தத் தொல்லையிலிருந்து தப்ப, அளந்த தளத்தின் நிறை, இரு திசை உந்தம் ஆகியவை மாறாது என்று வைத்து, முழுக்கக் கலந்து முடிந்த ஓட்டத்தின் மொத்த அழுத்தத்தைக் கணக்கிடலாம். அப்படி வரும் ‘மிக்ஸ்ட் அவுட்’ மதிப்பு எந்தத் தூரத்தில் அளந்தாலும் ஏறக்குறைய ஒன்றே. நான் நிறைச் சராசரியையும் இதையும் அருகருகே எழுதுவேன், கூடவே தூரத்தையும். பின்விளிம்பிலிருந்து அரை நாணுக்குள் நெருங்காமல் இருப்பது நல்லது. அங்கே ஸ்டாடிக் அழுத்தமே சீராக இருக்காது, ஒற்றைத் துளைக் குழாய் ஏமாந்துவிடும்.

சுவர்ப் பக்கம்

நடு உயரத்தில் கை பழகிய பிறகு பக்கச்சுவரை நோக்கிப் போகலாம். இப்போது ஐந்து துளை ப்ரோப் கட்டாயம், ஏனென்றால் அங்கே ஓட்டம் சுருளும். பிட்சில் 30 புள்ளி, பாதி உயரத்துக்கு 25 வரிசை என்றால் 750 புள்ளி. ஒவ்வொன்றும் 16 விநாடி பிடித்தால் 3 மணி 20 நிமிடம். நடுவில் எழுந்து போகும்போது யாராவது கதவைத் திறந்து வைப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ப்ரோப்பை நடு உயரத்தின் பூஜ்ய இடத்துக்குக் கொண்டுவந்து ஒரு புள்ளி எடுக்கும்படி நிரல் எழுதினேன். அரை மணி நேரம் கூடுதலாகும். ஆகட்டும்.

வந்த மொத்தத்தை அப்படியே செகண்டரி இழப்பு என்று எழுதக்கூடாது. அதில் புரொஃபைல் இழப்பு இருக்கிறது. டனல் சுவரில் வளர்ந்து உள்ளேயே வந்த படலத்தின் இழப்பும் இருக்கிறது. அது பிளேடு செய்த பாவமல்ல. பிளேடுகளுக்கு முன்னாலும் ப்ரோப்பை நகர்த்தி ஒரு டிராவர்ஸ் அளவீடு எடுத்து, இரண்டையும் கழித்த மீதிதான் செகண்டரி. முன்டிராவர்ஸை மறந்துவிட்டு, பிளேடுகளைக் கழற்றிய பிறகு நினைவு வந்து, மறுபடி எல்லாவற்றையும் மாட்டியவன் நான்.

வரைபடத்தில் தெரியும் இழப்பு மேடு எங்கிருந்து வருகிறது என்று குழம்பினால், பிளேடுக்குக் கறுப்பு வண்ணம் பூசி, டைட்டானியம் டை ஆக்ஸைடு பொடியை மெல்லிய எண்ணெயில் குழைத்துத் தடவி ஓட்டுங்கள். முதுகில் சுழல் ஏறும் கோடு வெள்ளையாக எழுதிக் காட்டும். அன்று அழுத்தத் துளைகளை அடைத்து வைக்க மறக்க வேண்டாம். எண்ணெய் புகுந்த துளையைச் சுத்தம் செய்ய ஒரு வாரம் போகும்.

வேகம் ஒலிவேகத்தில் 0.3 மடங்கைத் தாண்டினால் அடர்த்தி மாறாது என்ற மேலே சொன்ன கணக்கு செல்லாது. ஒலியையே தாண்டினால் ப்ரோப்பின் முன்னால் ஒரு அதிர்ச்சி அலை நின்று, குழாய் குறைத்தே படிக்கும். ரேலேயின் சூத்திரத்தால் திருத்த வேண்டும். சுழலும் எந்திரத்துக்குள் இந்த 3 விநாடிக் குழாய் எல்லா வால்களையும் ஒன்றாகக் குழப்பிச் சராசரிதான் தரும். அங்கே நுனியிலேயே சென்சார் பொருத்திய வேக ப்ரோப் வேண்டும். அது வேறு தொழில்.

எல்லாம் முடிந்து டனலை நிறுத்தியதும் மின்விசையை உடனே அணைக்காதீர்கள். காற்று அடங்க ஐந்து நிமிடம் விட்டு, வால்வால் இரு வாய்களையும் இணைத்து, பூஜ்யத்தை இன்னொரு முறை குறித்துக்கொள்ளுங்கள். காலையில் குறித்ததிலிருந்து 2 பாஸ்கலுக்கு மேல் நகர்ந்திருந்தால், ப்ரோப்பைக் கழற்ற வேண்டாம். நாளைக்கு மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.